லாரா 1.8 டிஎஸ்ஐ (ரீமேப் வண்டி): மூணு விதமான சத்தம், எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கோவை_லாரா:

வணக்கம்ங்க. வண்டி 2011 ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல், மேனுவல். ஸ்டாக்ல 160 பிஎஸ், 250 என்எம். எனக்கு முன்னாடி இருந்தவரே ஸ்டேஜ் 1 ரீமேப்பும் (பவர் ஏத்த என்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தறது) ஓபன் ஏர் ஃபில்டரும் போட்டுட்டார். நான் போன வருஷம் லோயரிங் ஸ்பிரிங் மாட்டினேன், அப்புறம் 3 இன்ச் டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வர்ற எக்ஸாஸ்ட் பைப்). பழைய கிளட்ச் வழுக்கும், நாலாவதுல ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறும், வண்டி வேகம் ஏறாது. அதனால ஹெவி கிளட்ச், கூடவே டூயல் மாஸ் ஃப்ளைவீலை (நடுவுல ஸ்பிரிங் வெச்ச ரெண்டு துண்டு ஃப்ளைவீல்) தூக்கிட்டு சிங்கிள் மாஸ். அடியில என்ஜின் ஆடாம பிடிக்கற டாக்போன் மவுன்ட்ல கெட்டி பாலியூரித்தேன் இன்சர்ட்.

இப்ப பிரச்சினை.

நியூட்ரல்ல என்ஜின் ஸ்லோவுல (ஐடில்ல) ஓடும்போது கியர்பாக்ஸ் பக்கம் கடகடன்னு சத்தம். ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தி. சிக்னல்ல பக்கத்து ஆட்டோக்காரர் "சார், டீசலா?"ன்னு கேக்கறார்.

இதைவிட முக்கியம், அவினாசி ரோட்டுல மூணாவதுல 60ல இருந்து அழுத்தினா 90 வரைக்கும் தரையெல்லாம் அதிருது. ஆக்சிலரேட்டரை விட்ட உடனே நின்னுடும். பிரேக் அடிச்சா அதிர்வு இல்லை, ஸ்டீயரிங் ஆடறதும் இல்லை. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் பார்த்தாச்சு. டவுன்பைப் மாட்டின கடையில கேட்டா "பவர் ஏத்தினா அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டாங்க.

அப்புறம் பெருசா ஒண்ணுமில்லை, காலையில முதல் ஸ்டார்ட்ல ரெண்டு செகண்ட் சரசரன்னு செயின் உரசற மாதிரி வரும், உடனே போயிடும். குன்னூர்ல மாமியார் வீட்டுக்கு முன்னாடி சரிவுல கியர்ல போட்டு நிறுத்தின மறுநாள் கொஞ்சம் கூடுதலாக் கேக்குது. அது பழைய வண்டின்னு விட்டுட்டேன்.

கியர்பாக்ஸை இறக்கணுமா? அதுதான் கேள்வி.

---

ஆனைமலை_டர்போ:

நண்பா, ரீமேப்பை எடுத்துட்டு பழைய டூயல் மாஸ் ஃப்ளைவீலையே போடுங்க. எல்லாம் அடங்கிடும். அனுபவத்துல சொல்றேன்.

---

பழைய_ஸ்பானர்:

ஆனைமலை அண்ணா சொன்னதை இப்பவே செஞ்சா அரை லட்சம் போயிடும், அதிர்வு அப்படியே இருக்கும். அவசரப்படாதீங்க தம்பி.

நீங்க "பெருசா ஒண்ணுமில்லை"ன்னு கடைசியில எழுதினீங்களே, நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். உங்க என்ஜின் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தோட ஈஏ888 குடும்பம், ரெண்டாவது தலைமுறை. வால்வுகளை ஓட்டற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யும். என்ஜின் நின்னா பிரஷர் கிடையாது, உள்ளே இருக்கற பல்லும் கொக்கியும்தான் அதைத் தாங்கும். பழைய டிசைன்ல அந்தக் கொக்கி தேயறதும் விட்டுக்கொடுக்கறதும் உலகம் முழுக்கத் தெரிஞ்ச கதை. பிற்பாடு டென்ஷனரை மாத்தி வடிவமைச்சாங்க. உங்களுது எந்த வகைன்னு தெரியணும். கொக்கி விட்டு செயின் பல் தாவினா வால்வும் பிஸ்டனும் மோதலாம், மோதினா ஹெட்டைப் பிரிச்சாகணும். ரீமேப் இல்லாத வண்டிக்கும் இது பொருந்தும்.

குன்னூர் சமாச்சாரம் சும்மா இல்லை. மேட்டைப் பார்த்து நிறுத்தி முதல் கியர்ல விட்டா, வண்டியோட எடை மொத்தமும் கிராங்கை (என்ஜினோட சுழல் தண்டு) பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். டென்ஷனர் இருக்கற பக்கம் அப்பதான் இழுவிசை வரும். இனிமே ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக் பெடலை விட்டு, வண்டி ஹேண்ட்பிரேக்குல நிக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் கியர் போடுங்க. சக்கரத்துக்குக் கல்லும் வைங்க. மலை ஊர்க்காரங்க வைக்கறாங்களே, அதேதான்.

பார்க்கற வழி: கீழ் டைமிங் கவர்ல ஒரு சின்ன பிளக் இருக்கும். அதைக் கழட்டி டார்ச் அடிச்சா டென்ஷனர் தெரியும். புது வகையா பழைய வகையான்னு விவரம் தெரிஞ்சவர் பார்த்ததும் சொல்லிடுவார். டென்ஷனரோட பிஸ்டன் எவ்வளவு வெளியே வந்திருக்குன்னு பார்த்தா செயின் நீண்டிருக்கறதும் தெரியும். பழைய வகைன்னா பேச்சே இல்லை, வண்டியை அங்கேயே விட்டுட்டு ஆட்டோல வீட்டுக்குப் போங்க. புது வகைன்னா அடுத்த சந்தேகம் ஆயில் ஃபில்டர். அதுக்குள்ள ஆயில் திரும்ப வடியாம தடுக்கற ஒரு ரப்பர் வால்வு இருக்கு. விலை குறைஞ்ச ஃபில்டர்ல அது சரியா மூடாது. ராத்திரி ஆயில் இறங்கிடும், காலையில பிரஷர் ஏற ரெண்டு செகண்ட் ஆகும், அதுவரைக்கும் செயின் உரசும்.

அடுத்து கடகட. ஐடில்ல நியூட்ரல்ல வெச்சு கிளட்சை மெதுவா மிதிங்க. மிதிச்சா நின்னு, விட்டா வந்தா அது கியர் பற்கள் அடிச்சுக்கற சத்தம். ஸ்லோவுல என்ஜின் சீரா சுத்தாது, ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்குக்கும் ஒரு தள்ளு. டூயல் மாஸ்ல உள்ளே இருக்கற ஸ்பிரிங் அதை வாங்கிக்கும். நீங்க எடுத்துட்டதால அந்தத் தள்ளு நேரா கியர்பாக்ஸுக்குப் போகுது. காதுக்குத்தான் கஷ்டம், உள்ளே எதுவும் உடையாது. ரீமேப் பண்ணினவர்கிட்ட ஐடிலை 80, 100 ஆர்பிஎம் ஏத்தச் சொல்லுங்க, பாதி அடங்கும். மிதிக்கும்போது புதுசா ஊளைச் சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங், அப்ப மட்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும்.

அதிர்வுக்கு வர்றேன். அதே 70ல நாலாவது கியர்ல முழுசா மிதிச்சுப் பாருங்க. அதே ஸ்பீடுல வந்தா ஆக்ஸில், அதே ஆர்பிஎம்ல வந்தா என்ஜின். நாலாவதுல சக்கரத்துக்குப் போற இழுவை குறைவு, அதனால லேசாத்தான் இருக்கும், கவனிங்க. ஸ்கேனர்ல மிஸ்ஸிங் (சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம விடறது) எண்ணிக்கையும் பார்த்துடுங்க. டாக்போன் இன்சர்ட் இந்த அதிர்வை உண்டாக்காது, கேபினுக்குள்ள பெருசாக் காட்டும், அவ்வளவுதான்.

என் பந்தயம் உள்பக்க சிவி ஜாயின்ட் (ஆக்ஸில் கியர்பாக்ஸோட சேர்ற இடத்துல இருக்கற மூட்டு). வெளிப்பக்கத்துது தேஞ்சா ஸ்டீயரிங் ஃபுல் கட்டுல திரும்பும்போது டிக் டிக்குன்னு காட்டிக்கொடுத்துடும். உள்பக்கத்துது அழுத்தும்போது அதிரும், விட்டா நிக்கும். நீங்க எழுதினது வார்த்தைக்கு வார்த்தை அதுதான். லோயரிங் ஸ்பிரிங் போட்டு வண்டியை இறக்கினதால ஆக்ஸில் கோணமும் மாறியிருக்கு. ஒண்ணு கேக்கணும்: வலது உள் ஜாயின்டுக்கு மேல ஒரு தகடு இருக்கும், எக்ஸாஸ்ட் சூடு படாம. 3 இன்ச் பைப் போடும்போது இடம் பத்தலைன்னு நிறைய பேர் கழட்டிடறாங்க. அது இருக்கா?

---

கோவை_லாரா:

அண்ணா, தகடு டிக்கியில ஸ்டெப்னிக்குக் கீழே கிடந்துது! கடைக்காரங்களே போட்டு வெச்சிருக்காங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

---

மீட்டர்கேஜ்:

சிரிப்பு வருது, ஆனா இது ரொம்ப சகஜம். ராம்ப்ல ஏத்தும்போது ஜாயின்டை மூடற ரப்பர் பூட் வாயோரம் விரல் வெச்சுப் பாருங்க, கிரீஸ் தண்ணி மாதிரி இருந்தா வெந்து போச்சுன்னு அர்த்தம். ஜாயின்டை கியர்பாக்ஸோட சேர்க்கற ஃப்ளாஞ்ச் போல்ட் ஆறும் இறுக்கமா இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு ஸ்டார் மாதிரி பல்முனை பிட் வேணும். ஆலன் கீயை அடிச்சு ஏத்தினா தலை வழுக்கிடும், அப்புறம் வெல்டிங்தான். ஸ்பார்க் பிளக் கேப்பையும் (முனை இடைவெளி) ஒருதடவை பாருங்க, டர்போ பிரஷர் ஏத்தின வண்டிக்கு அகலமான கேப் இருந்தா லோடுல மிஸ்ஸாகும்.

---

கோவை_லாரா:

தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட ராம்ப்ல ஏத்தினோம். டென்ஷனர் புது வகைதான், முந்தின ஓனர் மாத்தியிருக்கார், பில்லும் ஃபைல்ல இருந்துது. செயின் நீளமும் பயப்படற மாதிரி இல்லைன்னார். ஃபில்டர் ஏதோ பேர் தெரியாத கம்பெனி. நல்ல ஃபில்டரும் ஃபோக்ஸ்வேகன் 502 ஸ்பெக் 5டபிள்யூ-40 ஆயிலும் போட்டதுக்கப்புறம் காலைச் சத்தம் இல்லை.

வலது உள் பூட் ஓரத்துல கிளிஞ்சு, கிரீஸ் பாதி கியர்பாக்ஸ் மேல தெறிச்சுக் கிடந்துது. ஜாயின்ட்டைப் பிரிச்சா பந்து ஓடற பள்ளத்துல குழி. ஜாயின்ட் கிட் வாங்கி மாத்தினோம். 60ல இருந்து அழுத்தினா இப்ப நேரா போகுது. மிஸ்ஸிங் எதுவும் காட்டலை.

கடகட இருக்கு. ஐடில் ஏத்தச் சொல்லியிருக்கேன்.

---

பழைய_ஸ்பானர்:

நல்லது. தகடை மாட்டினீங்களா?

---

கோவை_லாரா:

டவுன்பைப்புக்கும் ஜாயின்டுக்கும் நடுவுல அது போகலைங்கண்ணா. லேத்துல கொடுத்து ஓரத்தை வெட்டி வளைச்சுட்டு இருக்காங்க, பைப்புக்கும் ஹீட் ராப் (சூடு தடுக்கற துணி) சுத்தறாங்க. சனிக்கிழமை மாட்டறோம். அதுவரைக்கும் வீட்டம்மா ஸ்கூட்டி.