டீசல் காரின் எரிபொருள் செலவை ஓபிடி வழியாகப் பதிவு செய்ய உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எனது டீசல் காரின் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் தகவல்களை வெளிக்கருவியால் படிக்க உதவும் இணைப்பு) ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரைப் பொருத்தி, ஆர்பிஎம், டர்போ அழுத்தம், எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அளவு ஆகியவற்றைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்து வருகிறேன். இவை ஒழுங்காகவே வருகின்றன. ஆனால் செயலி காட்டும் மைலேஜ், டேங்கை முழுதாக நிரப்பிக் கணக்கிடும் மைலேஜைவிட மிகக் குறைவாக இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் பெரும்பாலும் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தில் கலப்பதால், காற்றின் அளவிலிருந்தே எரிபொருளைக் கணக்கிட்டுவிடலாம். டீசலில் அந்த விகிதம் சுமைக்கேற்ப மாறிக்கொண்டே இருப்பதும், ஐட்லிங்கில் காற்று பல மடங்கு மிகுந்திருப்பதும் அறியாமல், செயலி பெட்ரோல் கணக்கையே போட்டு, எரிபொருள் செலவை மிகுதியாகக் காட்டுகிறது என்று கருதுகிறேன். எரிபொருள் ஓட்டத்தை நேரடியாகத் தரவேண்டிய 5ஈ என்ற பொதுவான பிஐடிக்கு (ஓர் அளவீட்டைக் கேட்கும் குறியீட்டு எண்) என் காரின் இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, பதில் தருவதில்லை.

இன்ஜெக்டர் செலுத்தும் எரிபொருளின் அளவை, தயாரிப்பாளருக்கே உரிய தனி பிஐடி மூலம் படித்தவர்கள் இருந்தால், அதைக் கண்டறிந்த முறையைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பல அளவீடுகளை ஒருசேரக் கேட்டால் பதிவின் வேகம் குறைகிறது; இதைச் சரிசெய்ய, இந்த மலிவான அடாப்டருக்குப் பதில் வேறொன்றை வாங்குவது (விலையைப் பார்த்தால் தயக்கமாகத்தான் இருக்கிறது) பயன் தருமா? பதிவுகள் சிஎஸ்வி கோப்பாக உள்ளன, தேவைப்படுவோருக்கு அனுப்புகிறேன்.