கண்மாய்களைக் கணினியில் கூடி வரைவது: ஏற்பும் மறுப்பும்

வைகைக்கரையான்:
மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களின் வரத்துக்கால் (நீர் வரும் கால்வாய்), மடை (பாசனத்துக்கு நீர் திறக்கும் வாய்), கலுங்கு (மிகுநீர் வழியும் இடம்) ஆகியவற்றை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊரார் கூடிக் குறிக்கலாம் என்று நான் எழுதியதற்கு, கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சிக்குத் தெரியாததையா கணினி சொல்லிவிடப் போகிறது என்று மேலூர்வாசி கேட்டிருக்கிறார். சொல்லப் போவதில்லை. ஆனால் நீர்பாய்ச்சிக்குத் தெரிவது அவருடைய கண்மாய். நம் பக்கத்திலோ மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும், மேலே கரை உடைந்தால் கீழே இருக்கிற ஊருக்கும் ஆபத்து வரும். இந்தத் தொடர் முழுவதையும் அறிந்தவர் என்று ஒருவரும் இல்லை. அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் 1962-இல் எழுதிய அறிக்கை, சிக்கலான பிரச்சினைகளை மனிதர்கள் புரிந்துகொண்டு தீர்க்கும் திறனைக் கணினியின் துணையோடு பெருக்குவது எப்படி என்பதைத்தான் ஆராய்ந்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் அவர் கணினிச் சுட்டியை (மவுஸ்) மட்டும் காட்டவில்லை. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சகாவின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசியபடியே, இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்ததையும் காட்டினார். மேல் கண்மாய்க்காரரும் கீழ்க் கண்மாய்க்காரரும் அப்படி ஒரே படத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதே என் விருப்பம்.

மேலூர்வாசி:
எங்கெல்பார்ட்டைப் பாதிதான் சொன்னீர்கள். கருவி, மொழி, வேலை முறை, பயிற்சி ஆகிய நான்கையும் மனிதரோடு சேர்த்து ஒரே அமைப்பாகத்தான் அவர் பார்த்தார். உலகம் சுட்டியை எடுத்துக்கொண்டது. மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. நாமும் அதையே செய்யப் போகிறோம் என்பதுதான் என் அச்சம்.

எங்கள் பக்கத்துக் கலுங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழை முடியும் தறுவாயில் கல்லுக்குக் கல் பலகையோ மண்ணோ வைத்து அடைத்து, கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீரைத் தேக்குவார்கள். எவ்வளவு உயரம் அடைக்கலாம், கீழூரார் வந்து கேட்டால் எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஊர்க்கூட்டத்தில் பேசிப் பேசி முடிவாகிற விஷயங்கள். வரைபடத்தில் அது ஒரு கோடு. அதைவிடக் கவலை தருவது வரத்துக்கால். தூர்ந்துபோன கால் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. தெரியாததை வெளியூரில் உட்கார்ந்து வரைகிறவர் வரைய மாட்டார். படத்தில் கால் இல்லை என்று காட்டி அந்த இடத்தில் மனை போட வருகிறவர்களை யார் தடுப்பது?

ஏடகத்தான்:
இருவருக்கும் இடையே ஒன்று சொல்கிறேன். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துகளின் தொடரடைவு கணினியின் உதவியால் உருவானது. எந்தக் குறி எதன் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று கணினி அடுக்கிக் கொடுத்ததே தவிர, ஒரு குறியையும் படித்துக் கொடுக்கவில்லை. நம் மாங்குளத்துத் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தவரும் அவர்தான். அதற்குக் கணினி தேவைப்படவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகப் பணியில், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்தார்கள். கூடி உழைக்க இடம் கொடுத்தால் போதும், சிந்தனையை மனிதர் பார்த்துக்கொள்வார்.

மேலூர்வாசி:
நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் கையில் அச்சுப் புத்தகம் இருக்கிறது. கண்மாய்க்கு அப்படி ஒரு மூலப்படி ஏது? மேல் கண்மாய்க்காரர் சொல்வது ஒன்று, கீழ்க் கண்மாய்க்காரர் சொல்வது ஒன்று. கைபேசி வைத்திருக்கிற பையன் எதைத் தட்டுகிறானோ அதுவே மூலமாகிவிடும்.

வைகைக்கரையான்:
வரத்துக்காலைப் பற்றி நீங்கள் சொல்வதே நாம் வரைய வேண்டும் என்பதற்கு வலுவான காரணம். வெளியூரார் வரையாமல் விட்டதை ஊரார்தானே சேர்க்க முடியும்? வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (ஒவ்வொரு புல எண்ணின் அளவைப் படம்) பக்கத்தில் வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீர்பாய்ச்சியோடு கரையில் நடந்து, அங்கேயே குறித்து, அவருக்கு வாசித்துக் காட்டலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் அதில் தங்கும். கலுங்கு உயரத்தைப் பற்றி இரண்டு ஊருக்கும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டு கூற்றையும் தனி ஆவணத்தில் அருகருகே எழுதி வைப்போம்.

மேலூர்வாசி:
வாசித்துக் காட்டுவதை ஏற்கிறேன். அவர் "இது தப்பு" என்று சொன்னால் அழிப்பீர்களா?

வைகைக்கரையான்:
அழிக்க மாட்டேன். அவருடைய மறுப்பையும் அதே இடத்தில் எழுதுவேன்.

மேலூர்வாசி:
அப்படியானால் மறுப்பு எழுதப்படும்வரை அந்தக் கலுங்கை வரைபடத்தில் ஏற்றக் கூடாது. அதற்கு உடன்பட்டால் எங்கள் கண்மாயிலிருந்து தொடங்கலாம். நீர்பாய்ச்சியிடம் நானே பேசுகிறேன்.