மின்கம்பம் எட்டாத புஞ்சையில் 300 சதுர அடி வீடு: எதை முதலில் செய்வது?

நத்தம்_புஞ்சை:

நத்தம் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் அப்பா வழியில் வந்த 60 சென்ட் புஞ்சை இருக்கிறது. செவல் மண், நடுவே மாமரங்கள், ஓரத்தில் பனை. கடைசி மின்கம்பம் ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. லைன் இழுக்க ஆகும் செலவைக் கேட்ட பிறகு, கரண்ட் இல்லாமலே கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். மாதத்தில் பாதி நாள் நானும் மனைவியும் அங்கே தங்குவோம், மீதி நாள் பூட்டிக் கிடக்கும். ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, முன்னால் திண்ணை, 300 சதுர அடி போதும்.

கையில் 6 லட்சம் இருக்கிறது. கண்டெய்னர் வீட்டை லாரியில் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன், ஒரே வாரத்தில் குடிபோகலாம் என்கிறார் ஒருவர். எனக்கு மனசு மண்சுவர் பக்கம்தான் போகிறது. மனைவி கேட்பது இரண்டு: ராத்திரியில் தோட்டத்தில் நடக்காமல் போகக்கூடிய கழிவறை, பாம்பு பூச்சி நுழையாத ஜன்னல். போர் போட்டால் தண்ணீர் வருமா என்பதும் நிச்சயமில்லை, பக்கத்துத் தோட்டத்தில் 600 அடி போட்டும் வெறும் புகைதான் வந்தது.

சுவர், சோலார், தண்ணீர், கழிவறை, இதில் எதிலிருந்து தொடங்குவது? பணத்தை எதில் அதிகம் போடுவது?

மானாவாரி:

தம்பி, கண்டெய்னரை விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் பகலில் உட்கார ஏசி வேண்டும், ஏசி ஓட்டும் அளவுக்கு பேனலும் பேட்டரியும் வாங்கினால் வீட்டுக்கு வைத்த பணத்தில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும்.

நான் சொல்வது தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குங்கள் என்றுதான். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 300 சதுர அடி வீட்டுக்குத் திண்ணையும் இறவாணமும் சேர்த்துக் கூரை 500 சதுர அடி வரும், அதாவது 46 சதுர மீட்டர். திண்டுக்கல் பக்கம் வருட மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், ஆக 36,000 லிட்டருக்கு மேல் கூரையில் விழுகிறது. ஓடு குடிப்பது, முதல் மழையில் வெளியே விடுவது எல்லாம் போனாலும் 28,000 லிட்டர் எதிர்பார்க்கலாம். மார்கழி முடிந்து கோடை மழை வரும் வரை நாலு மாதம் வறட்சி, ஒரு ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர் என்றால் இரண்டு பேருக்கு 9,600. நீங்கள் பாதி நாள்தான் இருக்கப் போகிறீர்கள் என்றாலும் 10,000 லிட்டர் தொட்டியே கட்டுங்கள், ஒரு வருடம் மழை ஏமாற்றினால் அந்த மிச்சம்தான் கைகொடுக்கும். கோழிவலை கட்டிச் சிமெண்ட் பூசும் ஃபெரோசிமென்ட் தொட்டி போதும். உள்ளே வெளிச்சம் படக்கூடாது, பாசி பிடிக்கும். நிரம்பி வழியும் குழாய் வாயில் கொசுவலை கட்டாயம்.

பலரும் யோசிக்காத ஒன்று: வீடு கட்டவே தண்ணீர் வேண்டும். கல் அறுக்க, பூச, நனைக்க எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர் வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் ஆடி, ஆவணிக்குள் தொட்டியைத் தோண்டிக் கட்டிவிட்டு, பக்கத்தில் 20க்கு 10 அடியில் ஒரு தகரக் கொட்டகை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கொட்டகைக் கூரையே 7,000 லிட்டர் அளவுக்குத் தரும். தை பிறந்ததும் சுவர் வேலை. கொட்டகை சிமெண்ட் மூட்டை வைக்க ஆகும், பிறகு விறகும் மண்வெட்டியும் போட்டுக்கொள்ளலாம்.

கழிவறை விஷயத்தில் உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. மண் ஆழமாக இருந்தால் இரட்டைக் குழிக் கழிவறை. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை இரண்டு வருடம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது மக்கி உரமாகிவிடும். நாலடியில் பாறை தட்டினால் அது ஆகாது, கழிவுநீர் பாறை வெடிப்பு வழியாகக் கிணறு வரை போய்விடும். அப்போது முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் பரப்பிய ஈகோசான் மாதிரி, தரைக்கு மேலே அறை கட்டி, சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவும் முறை. தண்ணீரும் மிச்சம். எதுவானாலும் திண்ணையிலிருந்தே கதவு வைத்துவிடுங்கள்.

வெயில்வாட்:

சோலார் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் ஒரு தாளில் எதெது எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதுங்கள். 9 வாட் பல்பு மூன்று 5 மணி நேரம் எரிந்தால் 135 வாட்மணி. 30 வாட் பிஎல்டிசி ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 300 (சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள்). லேப்டாப், போன், சின்னத் தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து இன்னொரு 250. ஆக நாளைக்கு 700க்குள் அடங்கும்.

இதற்கு 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி ஒன்று போதும். அதில் 1,800 வாட்மணி இருக்கும், பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் கையில் 900. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்க முடிந்தால் 100 ஏஎச் போதும், 80 சதவீதம் வரை இறக்கலாம். நீங்கள் பாதி மாதம் ஆள் இல்லாமல் பூட்டிவைப்பதால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லாத இதுதான் என் தேர்வு. பேனல் கணக்குப்படி 250 வாட் வரும், ஆனால் கார்த்திகை மாத மூட்டத்தை நினைத்து 400 போடுங்கள். நம் ஊர் அட்சரேகைக்குத் தெற்கே பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு, மாமர நிழல் ஒரு மூலையில்கூட விழக்கூடாது.

இன்வெர்ட்டரை எப்போதும் ஓட விடாதீர்கள். சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் தின்னும், நாள் முழுக்க என்றால் 240 முதல் 480 வாட்மணி, உங்கள் ஒரு நாள் செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை அதிலேயே போய்விடும். பல்பும் ஃபேனும் நேரடி 12 வோல்ட்டில் இருக்கட்டும், மிக்சி ஓட்டும் அஞ்சு நிமிடத்துக்கு மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு அணையுங்கள். 12 வோல்ட் என்றால் கம்பி தடிமனாக வேண்டும்: 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 ஆம்பியரை 10 மீட்டர் கொண்டுபோனால், போக வர 20 மீட்டரில் 2 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். திறந்த வெளியில் இடி பயம் உண்டு, எர்த்திங்கில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

கொத்தனார்_பேரன்:

மானாவாரி அண்ணன் சொன்ன வரிசையை அப்படியே ஏற்கிறேன், ஒன்று சேர்க்கிறேன்: தொட்டிக்குத் தோண்டும் மண்தான் உங்கள் சுவர். செவல் மண் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு ராத்திரி வையுங்கள். அடியில் மணல், நடுவே வண்டல், மேலே களி என்று பிரியும். மணல் பங்கு அதிகமாகவும் களி அளவோடும் இருந்தால் 5 சதவீத சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல் அறுக்கலாம். ஆரோவில் மண் கட்டடக் கழகத்தில் பல வருடமாகச் செய்து, கற்றும் கொடுக்கிறார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், ஆனால் 28 நாள் நனைத்து வைக்க வேண்டும். களி கூடிப்போனால் மண்கல்லை மறந்துவிட்டு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலை நிறுத்திவைத்துக் கட்டுங்கள், செங்கல் கால்வாசி மிச்சமாகும், சுவருக்குள் இருக்கும் இடைவெளி வெப்பத்தைத் தடுக்கும். அதற்கு அளவு பிசகாத சேம்பர் செங்கல் வேண்டும்.

கருங்கல் கடைக்கால், தரை மட்டத்துக்கு மேல் 2 அடி உயரம். கரையானுக்கும் பாம்புக்கும் அந்த 2 அடிதான் முதல் தடை. மண்சுவர் மேல் சிமெண்ட் பூசாதீர்கள், உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் பூச்சு பாளமாகப் பெயரும், சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்குச் சரி.

கூரைதான் உங்கள் இடத்தில் சிக்கல். மங்களூர் ஓடு அழகு, ஆனால் சிறுமலை அடிவாரத்தில் குரங்கு ஓட்டைப் பிரித்துப் போடும், அதுவும் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில். அதனால் ஃபில்லர் ஸ்லாப் போடுங்கள்: கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்து வார்ப்பது. கான்கிரீட் குறையும், சூடு குறையும், கூரைத் தண்ணீரும் சுத்தமாக வரும். சுவருக்கு வெளியே இரண்டரை அடியாவது நீட்டிவிடுங்கள், சாரல் சுவரில் அடிக்கக்கூடாது. திண்ணைக்கு மட்டும் பனங்கை ஆசை இருந்தால் உங்கள் பனையை வெட்டக் கிளம்பாதீர்கள், அதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும். இடிக்கும் வீட்டுச் சாமான் விற்கும் இடங்களில் வைரம் பாய்ந்த பனங்கையும் நிலைக்கதவும் கிடைக்கும், காரைக்குடிப் பக்கம் போனால் பார்த்துப் பார்த்து எடுக்கலாம்.

மானாவாரி:

குரங்கு விஷயம் உண்மை, நான் யோசிக்கவில்லை. ஃபில்லர் ஸ்லாப் சரிதான். இன்னொன்று, உங்கள் கிராமமும் சர்வே எண்ணும் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் (மலைப்பகுதியில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் அரசுப் பட்டியல்) வருகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள், வந்தால் அனுமதி வேறு வழி. பட்டியலில் இல்லை என்றால் ஊராட்சி அனுமதி. காட்டு எல்லை எவ்வளவு தூரம், புலப்படத்தில் உங்கள் நிலத்துக்குப் பாதை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜல்லி லாரி வர வழியில்லாமல் நின்றுபோன வேலைகள் நிறைய உண்டு.

நத்தம்_புஞ்சை:

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன், திண்ணையில் கழிவறைக் கதவு என்றதும் கண்டெய்னர் பேச்சு முடிந்தது. பாட்டில் சோதனையை இந்த ஞாயிறே செய்கிறேன். தொட்டிக் குழியை ஜேசிபி வைத்துத் தோண்டலாமா, அந்த மண் கல்லுக்கு ஆகுமா?

கொத்தனார்_பேரன்:

ஆகும். ஆனால் மேலே ஓர் அடி மண்ணில் வேரும் சருகும் இருக்கும், அது கல்லுக்கு ஆகாது, மாமரத்துக்குப் போடுங்கள். டிரைவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லி அதைத் தனிக் குவியலாகக் கொட்டச் சொல்லுங்கள், அடிமண் வேறு பக்கம். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. அடிமண் குவியலின் மேல் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வைத்துவிடுங்கள், தை வரை நனையாமல் இருந்தால்தான் சலிக்க வரும்.