'பெர்சுவேஷன்': தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பில் 'பெர்சுவேஷன்' (persuasion) என்ற ஆங்கிலச் சொல்லிடம் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பலரும் 'வற்புறுத்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வற்புறுத்தினால் எதிராளி தலையாட்டுவார், மனம் மாறியிருக்காது. ஊசிக்குப் பயந்து அழும் குழந்தையை மடியில் வைத்து, 'எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்று பேசிப் பேசி, அதுவாகவே கையை நீட்ட வைக்கிறோமே, அதுதான் பெர்சுவேஷன். இதன் லத்தீன் வேர்கூட 'இனிமை'யைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு.

'இணங்க வைத்தல்' நெருங்கி வருகிறது. ஆனால் 'இணங்க வைக்கும் பேச்சாளர்' என்று எழுதினால் இடிக்கிறது. அப்புறம், சமய நம்பிக்கை என்ற பொருளும் 'பெர்சுவேஷ'னுக்கு உண்டு. அங்கே என்ன போடுவது?

அன்றாடப் பேச்சில் நீங்கள் சொல்வதை ஒரு வாக்கியத்தோடு எழுதுங்களேன், பெரிய உதவியாக இருக்கும்.