மஞ்சள் கருவை எடுத்துவிட்டுத்தான் ஆம்லெட் போடணுமா?

தஞ்சாவூரான்:
அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் மஞ்சள் கருவுக்குத் தடை வந்தது. வெறும் வெள்ளைக்கரு தோசைக்கல்லில் ஒட்டுகிறது என்று அம்மா எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார். உணவியல் நிபுணர் முதலில் கேட்டதே எண்ணெயைப் பற்றித்தான். 50 கிராம் முட்டையில் சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120 கலோரி! புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மஞ்சளில்தான் இருக்கிறது; வைட்டமின் டி, கோலின் என்ற சத்து எல்லாம் அங்கேதான். ஒரு முட்டையில் 185 மி.கி. அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ராலை அதைவிட அதிகம் ஏற்றுவது நெய், வெண்ணெய், பாமாயிலில் இருக்கும் நிறைகொழுப்பு (saturated fat). அமெரிக்க உணவு வழிகாட்டியே நாளுக்கு 300 மி.கி. என்ற வரம்பை 2015 பதிப்பில் எடுத்துவிட்டது. சர்க்கரை, இதய நோய் இருப்பவர்கள் அவரவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இப்போது ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளையும், ஒரு தேக்கரண்டி எண்ணெயில். பரோட்டா கடை ஆம்லெட் மாதிரி இல்லை என்ற புலம்பல் மட்டும் தீரவில்லை.

ஹாஸ்டல்வாசி:
என் அறைத்தோழன் உடம்பு ஏற்ற வேண்டும் என்று பச்சை முட்டையை டம்ளரில் உடைத்துக் குடிப்பான். வேகவைத்தால் சத்து போய்விடுமாம். உண்மை நேர்மாறு. 1998இல் வந்த ஒரு பெல்ஜிய ஆய்வில், வெந்த முட்டையின் புரதம் 90 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 50 சதவீதம்தான். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற பி வைட்டமினையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா பயம் வேறு. சொன்னால் கேட்கவில்லை. வயிறு கலக்கிய பிறகு ஆம்லெட்டுக்கு மாறினான்.

நாமக்கல் அம்மணி:
அண்ணா சொன்ன எண்ணெய்க் கணக்கு சரிதாங்க. இன்னொண்ணு, முட்டையில் வைட்டமின் சி-யும் நார்ச்சத்தும் கிடையாது. அதனால் பிள்ளைகளுக்கு முருங்கைக்கீரை ஆம்லெட்தான் போடுவேன், பக்கத்தில் ஒரு கொய்யாத் துண்டு. கீரையைத் தனியாகக் கொடுத்தால் தட்டிலேயே கிடக்கும், முட்டைக்குள் போனால் பேச்சே இல்லை. கீரையை முதலில் ஈரம் போக வதக்கிக்கோங்க, இல்லேன்னா திருப்பும்போது உடைஞ்சிரும்.