ஜூன் விடுமுறையில் ஹெல்சிங்கி, 6 இரவு: காரில்லாமல் காட்டுக்குப் போகலாமா?

செங்காங்வாசி:
வணக்கம். சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறையில் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கி போகத் திட்டம். ஐந்து பேர்: நான், மனைவி, 13 வயது மகன், 8 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். மனைவி மட்டும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி. கார் எடுக்கப் போவதில்லை. எந்தத் தேதி நல்லது? பேருந்து, ரயிலிலேயே உருப்படியான ஒரு காட்டைப் பார்த்துவிட்டு வர முடியுமா?

பிடோக்85:
முதலில் தேதி. நம்மூர்க் குடும்பங்கள் சறுக்குவது அங்கேதான். ‘யுஹன்னுஸ்’ எனும் நடுக்கோடைத் திருநாள் ஜூன் 20க்கும் 26க்கும் இடையே வரும் சனிக்கிழமை. நம் ஜூன் விடுமுறைக்குள் அது எப்படியும் வந்து விழும். முதல் நாள் வெள்ளி மதியத்திலிருந்தே பல கடைகளும் உணவகங்களும் சாத்திவிடும், பேருந்துகள் குறையும். நகரத்தார் பாதிப் பேர் ஏரிக்கரைக் குடிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். தீபாவளி நேரத்து லிட்டில் இந்தியாவை, நம் தேக்காவை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், அங்கே திருநாள் என்றால் ஊர் வெறிச்சோடும். அதனால் விடுமுறையின் முதல் இரண்டு வாரத்துக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். முடியாவிட்டால் வியாழன் இரவுக்குள் மளிகை வாங்கிவைத்துவிடுங்கள்.

இன்னொன்று, அந்த மாதத்தில் சூரியன் இரவு 10.30, 10.50 வாக்கில்தான் மறையும், காலை 4 மணி வாக்கிலேயே உதித்துவிடும். இடையிலும் முழு இருட்டு கிடையாது. தங்குமிடத்தில் வெளிச்சத்தை முழுக்க மறைக்கும் திரை உண்டா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள், ஆளுக்கொரு கண்மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரைவிட 5 மணி நேரம் பின்னே என்பதால் பிள்ளைகள் அங்கே விடிகாலை 3 மணிக்கே விழிப்பார்கள். வெளியே பளிச்சென்று இருந்தால் மறுபடி தூங்கவைப்பது கடினம்.

விசா: சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குத் தேவையில்லை, 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். உங்கள் மனைவிக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை இழுக்கும். பயணக் காப்புறுதியில் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். ஷெங்கனிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது நிரந்தரவாசிகளுக்கான சிங்கப்பூரின் மறுநுழைவு அனுமதி. அது திரும்பும் தேதி வரை செல்லுமா என்று இன்றே பாருங்கள்.

பூங்காப்பாதை:
காட்டுக்குக் கார் தேவையே இல்லை. நூக்சியோ தேசியப் பூங்காவுக்குப் பொதுப் போக்குவரத்திலேயே போகலாம்.

சீட்டு விவரம்தான் முதலில் புரிய வேண்டும். ஹெல்சிங்கி வட்டாரப் பொதுப் போக்குவரத்தை நடத்தும் ஹெச்எஸ்எல் செயலியை இங்கேயே இறக்கிக் கடன் அட்டையைச் சேர்த்துவிடுங்கள். நகருக்குள் ஏபி மண்டலச் சீட்டு போதும். விமான நிலையமும் நூக்சியோவும் சி மண்டலம், அந்த நாட்களில் ஏபிசி வாங்க வேண்டும். 7 முதல் 17 வயது வரை சிறுவர் சீட்டு, ஆக உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் உண்டு. ரயில், மெட்ரோ எதிலும் நம் எம்ஆர்டி போல் தடுப்புக் கதவு கிடையாது. தட்டிவிட்டு உள்ளே போய்ப் பழகிய நமக்கு வம்பு வருவது இதனால்தான்: தடுக்க ஆளில்லாததால் சீட்டு வாங்காமலேயே, அல்லது ஏபியோடு சி மண்டலத்துக்குள் போய்விடுவோம். பரிசோதகர் வந்தால் விளக்கம் எடுபடாது, அபராதம்தான். ஓட்டுநரிடமும் சீட்டு கிடைக்காது.

விமான நிலைய ரயில் வட்டப் பாதையில் ஓடுகிறது. எந்தத் திசையில் ஏறினாலும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய மத்திய நிலையம் வந்துவிடும். அவசரப்பட்டு டாக்சி பிடிக்காதீர்கள்.

நூக்சியோவுக்கு மத்திய நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் எஸ்போ நிலையம், அங்கிருந்து 245ஆம் எண் பேருந்து. ஹௌக்கலம்மெந்தியே நிறுத்தத்தில் இறங்கி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடந்தால் ஹௌக்கலம்பி குளம், நடைபாதைகள் அங்கிருந்துதான் தொடங்கும். சிவப்புக் குறியிட்டது 2 கிலோமீட்டர், நீலம் 4, மஞ்சள் 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உங்கள் மகளுக்கு நீலம் சரி. மெக்ரிச்சி மரப்பலகை நடை என்று எண்ணிச் செருப்போடு போகாதீர்கள், பாறையும் வேரும் மாறி மாறி வரும், மழை பெய்தால் பாறை வழுக்கும். போகும்போதே திரும்பும் பேருந்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நம்மூர்ப் பேருந்து போல் அடிக்கடி வராது. எஸ்போ தடத்தில் தண்டவாள வேலை நடப்பதால் சில நாட்களில் ரயில் சேவை மாறும், காலையில் செயலியைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

காட்டில் குப்பைத்தொட்டி இருக்காது, எல்லாவற்றையும் பையில் திரும்ப எடுத்து வர வேண்டும். தீ மூட்டக் குறிப்பிட்ட இடங்கள் உண்டு, விறகும் இலவசம். ஆனால் காட்டுத்தீ எச்சரிக்கை அறிவித்த நாளில் திறந்த இடத்தில் தீ மூட்டத் தடை, சோளம் சுடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அங்கே பொதுவாக யாருடைய காட்டிலும் நடக்கவும் பழம் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் காட்டு நீலப்பழம் பழுப்பது ஜூலை நடுவில்தான். ஜூனில் போய்த் தேடினால் பச்சைக்காய்தான்.

உண்ணியை மறக்காதீர்கள். கொசு கடித்தால் அரிப்போடு போகும், உண்ணி லைம் நோயையும் மூளைக்காய்ச்சலையும் பரப்பும். முழுக்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், புல்லில் உட்காராதீர்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் கூடாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் இங்கே மருத்துவரிடம் போய், பின்லாந்துக் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு லைம் நோய் சட்டென்று தோன்றாது.

செங்காங்வாசி:
மிக்க நன்றி. அம்மாவால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது. அவரை அறையிலேயே விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தேக்காஅக்கா:
தம்பி, அம்மாவையும் கூட்டிக்கொண்டே போங்கள். அதே 245 பேருந்து ஹால்தியா இயற்கை மையம் வழியாகத்தான் போகிறது. ஏரியைப் பார்த்தபடி உட்காரலாம், உணவகமும் கண்காட்சியும் உண்டு. நீங்கள் இருவரும் அம்மாவோடு அங்கே மாறி மாறி இருந்துகொண்டு பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகலாம். திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்பே பாருங்கள்.

சாப்பாட்டுக்கு மதிய வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘லோனஸ்’ என்று வார நாட்களில் காலை 11 மணியிலிருந்து மதிய உணவு குறைந்த விலையில் கிடைக்கும். ஹெல்சிங்கியில் நேபாள உணவகங்கள் நிறைய, பருப்பும் காய்கறியும் சோறும் அங்கே நிச்சயம். இரவில் அதே சாப்பாடு விலை கூடும். பொட்டலங்களில் பார்க்க வேண்டிய சொற்கள்: ‘காஸ்விஸ்’ என்றால் காய்கறி, ‘லிஹா’ இறைச்சி, ‘நௌதா’ மாடு, ‘சிகா’ பன்றி, ‘கனா’ கோழி, ‘முனா’ முட்டை, ‘லீவாத்தே’ விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். தயிர் வகைகளிலும் மிட்டாயிலும் லீவாத்தே ஒளிந்திருக்கும். ரொட்டிக் கடைகளில் கம்புமாவைப் போலக் கறுத்த ரை மாவு ஓட்டில் பால்சோறு வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரம் கிடைக்கும். மேலே பூசும் வெண்ணெயில் முட்டை கலந்திருக்கும், அம்மாவுக்குப் பூசாமல் வாங்குங்கள்.

பெட்டியில் சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போகலாம். நெய், பன்னீர், பால்கோவா கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், பிடுங்கிக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால் சான்றிதழ் தேவையில்லாத ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று. விமானத்தில் ஏற்றத்தான் மாட்டார்கள்!

சோற்றுப்பானைக்கு மின்மாற்றி வேண்டாம், அங்கேயும் 230 வோல்ட்தான். நம் மூன்று பட்டைமுனைச் செருகியை இரண்டு உருளைமுனைத் துளைக்கு மாற்றும் இணைப்பி போதும், பானைக்கு வேண்டிய ஆம்பியரை இணைப்பி தாங்குமா என்று மட்டும் பாருங்கள். குடிக்கக் குழாய்த்தண்ணீரே போதும். பையன்னே ஏரியிலிருந்து பாறையைக் குடைந்து 120 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வருகிறது. ஜொகூரிலிருந்து குழாய் போட்டிருக்கும் நமக்கு அதன் அருமை தெரியும்.

பூங்காப்பாதை:
அக்கா சொன்னது நல்ல யோசனை, ஹால்தியா எனக்குத் தோன்றவில்லை. சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குத்தான் எல்லோரும் அனுப்புவார்கள். ஏபி சீட்டிலேயே சந்தைச் சதுக்கத்திலிருந்து கால் மணி நேரப் படகு, அருமையான இடம், ஆனால் உருளைக்கல் பாவிய மேடுபள்ளம். முழங்கால் வலியோடு அரை நாள் அங்கே வேண்டாம், படகுத்துறைக்குப் பக்கத்திலேயே சுற்றிவிட்டுத் திரும்புங்கள். பக்கத்திலிருந்து கிளம்பும் தனியார் படகுகளில் ஹெச்எஸ்எல் சீட்டு செல்லாது, மாறி ஏறிவிடாதீர்கள்.

அவருக்கேற்றது லம்மாஸ்ஸாரி. நம்மூர்ச் சுங்கை பூலோவை நினைவூட்டும் நாணல் சதுப்பு, அகலமான பலகைப்பாதை, பறவை பார்க்கும் மேடைகள். 6ஆம் எண் டிராமில் அரேபியா எனும் ஹெல்சிங்கிப் பகுதி வரை போகலாம், ஆனால் அங்கிருந்து பலகை தொடங்கும் இடத்துக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்தத் துண்டுக்கு டாக்சி வைத்துக்கொண்டால் அம்மாவின் காலைப் பலகைக்கு மிச்சப்படுத்தலாம். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டு போங்கள்.

பிடோக்85:
உடை பற்றி யாரும் சொல்லவில்லை. ஜூனில் பகல் 20 டிகிரி வாக்கில், இரவு 10 வரை இறங்கலாம், கடற்கரையில் காற்று வேறு. தடித்த சட்டை ஒன்றைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல்: பருத்தி அல்லாத உட்சட்டை, கம்பளிச் சட்டை, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாது, நின்றதும் குளிரும்.

சந்தைச் சதுக்கத்தில் பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம் இருந்தால் கடற்புறாக்களைக் கவனியுங்கள், பின்னாலிருந்து வந்து கொத்திப் போய்விடும். கூரைக்கு அடியில் நின்று சாப்பிட்டுவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.