லினக்ஸுக்குப் புதியவர்களுக்குத் தொடக்கக் கையேடு போதுமா?

கேள்வி (குன்னூர்):
விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எங்கள் படிப்பகத்தின் பழைய கணினிகளில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் இல்லை. ஆகவே லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை நிறுவியுள்ளோம். கையேட்டைப் படித்தே புதியவர்கள் பழகிவிடுவார்களா, அருகில் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா?

மறுமொழி (கோத்தகிரி):
பெரும்பாலான கையேடுகள் நிறுவும் படிகளைப் படங்களுடன் விரிவாக விளக்கிவிட்டு, அதன்பின் வாசகரைக் கைவிட்டுவிடுகின்றன என்பதே என் கருத்து. விண்டோஸில் பழகியவர் முதலில் சி, டி என்னும் டிரைவ்களைத் தேடுவார். லினக்ஸிலோ எல்லாக் கோப்புகளும் ஒரே வேர் அடைவின், அதாவது எல்லாவற்றுக்கும் மேலான கோப்புறையின், கீழ் அமைகின்றன, செருகிய பென் டிரைவும் அதற்குள்ளேயே ஓர் அடைவாகத் தோன்றுகிறது. கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதையும், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் ‘ஆர்எம்’ என்னும் அழிப்புக் கட்டளையால் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லாத நூல், எத்தனை பக்கம் இருந்தாலும், தொடக்கநூல் ஆகாது.

மறுமொழி (உதகை):
கோத்தகிரி நண்பர் சற்றுக் கடுமையாகச் சொல்கிறார். மழையில் இணையம் அறுபடும் நம் மலையில், கணினிக்குள்ளேயே இருக்கும் ‘மேன்’ பக்கங்கள், அதாவது கட்டளைகளுக்கான விளக்கப் பக்கங்கள், பெருந்துணை. ஆயினும் அவை கட்டளையின் பெயரை ஏற்கெனவே அறிந்தவருக்காக எழுதப்பட்டவை. பெயர் தெரியாதபோது ‘மேன் -கே’ கட்டளை மூலம் தேடலாம் என்றாலும், தேடும் சொல்லைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கொடுக்க வேண்டியிருக்கிறது.

குன்னூர்:
நன்றி. வருகிறவர்கள் முதலில் கேட்பது தமிழ்99 விசைப்பலகையைத்தான். எங்களிடமுள்ள கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கோத்தகிரி:
பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ‘ஐபஸ்-எம்17என்’ என்னும் மென்பொருள் தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தபின், அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு கணினியின் அருகிலும் ஒட்டிவிடலாம்.